நமசிவாயம் செய்த மேசை

பூரணம் ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடையில் சாமான் நிறுத்துக் கொடுத்தவள். சண்டிலிப்பாயில் அவளுடைய குரலை அறியாதவர்கள் குறைவு. வரிசையில் இடையில் நுழைந்தவர் பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருந்தாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கடைசிக்கு அனுப்புவாள். மத்தியானம் கடை பூட்டியதும் சயிக்கிளில் வீட்டுக்கு வந்து, குசினி நிலத்தில் காலை மடித்து இருந்து, ஒரு கோப்பை சோற்றைக் கதைத்துக்கொண்டே சாப்பிட்டு முடிப்பாள். கதையும் சாப்பாடும் அவளுக்கு ஒன்றாகத்தான் நடக்கும். கேட்டுக்கொண்டிருப்பது கணவன் நமசிவாயத்தின் வேலை.

நமசிவாயம் வான் ஓட்டினான். நீல நிறத்தில் ஒரு பழைய கொம்பி வான். காலையில் பள்ளிப் பிள்ளைகள், முகூர்த்த நாட்களில் கலியாணக்காரர், ஞாயிற்றுக்கிழமைகளில் காரைநகர் கசூரினாக் கடற்கரைக்குக் குளிக்கப் போகிறவர்கள். அதிகம் பேசாத மனிதன். கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்துவான். அவர்களுக்கு ஒரே மகள், அருந்ததி.

1987 பங்குனியில் ஒரு நாள், கடையில் கூட்டம் நிற்கும்போது பொம்பர் விமானம் வந்தது. சனம் வெளியே ஓடி வீதி மதகடியில் விழுந்து படுத்தது. பூரணமும் ஓடியிருக்கலாம். கடைக்குள் காது கேளாத கிழவர் ஒருவர் பையை விரித்துப் பிடித்தபடி நின்றார். அவரை இழுத்துக்கொண்டு வரத் திரும்பினாள். குண்டு அடுத்த வளவில் விழுந்தது. கடையின் பக்கச் சுவர் அப்படியே உள்ளே சரிந்தது. கிழவர் முடிந்துபோனார். பூரணத்தைக் கல்லுக்குள்ளிருந்து எடுத்தபோது உடம்பில் பெரிதாக இரத்தமில்லை. நினைவும் இருந்தது.

“என்ரை காலைக் காணேல்லை, பாருங்கோ” என்று தூக்கியவர்களிடம் சொன்னாள்.

கால்கள் இரண்டும் அங்கேதான் இருந்தன. முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிருந்தது. ஆஸ்பத்திரியில் பல மாதம் வைத்திருந்துவிட்டு, இதற்குமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டொக்டர் நல்ல முறையாகச் சொல்லி அனுப்பினார்.

வீட்டில் அவள் கட்டிலோடு ஆனாள். தலையணையை அடுக்கி நிமிர்த்தி வைத்தாலும் கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கமாகச் சரிந்துவிடுவாள். சரிந்தபடி சாப்பிட்டால் சோறு கன்னத்தில் வழிந்து கழுத்துக்குள் போகும். சொதி காதுக்குப் பின்னால் போய்க் காயும். அறைக்கதவைச் சாத்திவிட்டு நமசிவாயம் சோற்றைப் பிசைந்து வாயில் தீத்திவிடுவான். மகள் உள்ளே வரப் பூரணம் விடுவதில்லை. அந்த நேரங்களில் ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

அந்த வருடம் ஒக்ரோபரில் இந்திய இராணுவத்தோடு சண்டை தொடங்கி, ஊர் முழுக்க வீடுகளை விட்டு வெளிக்கிட்டது. நமசிவாயம் அவளைச் சாய்மனைக் கதிரையோடு வானில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு கோயில் மண்டபத்தில் இறக்கினான். உள்ளே நூற்றுக்கணக்கான சனம். தூணுக்குப் பக்கத்தில் பாய் விரித்து அவளைக் கிடத்த இடம் கிடைத்தது. வாளியில் வந்த கஞ்சியை அவன் தீத்தும்போது, எதிர்ப் பாயிலிருந்த ஒரு சின்னப் பிள்ளை தாயிடம் கேட்டது.

“அம்மா, உந்த மாமிக்கு ஏன் பிள்ளையள் மாதிரித் தீத்துகினம்?”

தாய் பிள்ளையின் வாயைப் பொத்தினாள். சுற்றியிருந்த எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். பூரணம் வாயை மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த மண்டபத்தில் அவள் சாப்பிடவில்லை. தண்ணீரும் குடிக்க மறுத்தாள். சலம் போவதற்கும் நாலு பேர் சேலை பிடிக்க வேண்டியிருந்ததால் அதுவே வசதி என்றாள். காய்ச்சல் வந்து, வாய் புலம்பத் தொடங்கிய பிறகுதான் பலவந்தமாகத் தண்ணீர் பருக்கினார்கள்.

சண்டை ஓய்ந்து வீடு திரும்பிக் கொஞ்ச நாளில், நமசிவாயம் வானின் நடு இருக்கை வாங்கைக் கழற்றி முற்றத்தில் வைத்தான்.

“என்ன செய்யிறியள்?” என்று அறைக்குள்ளிருந்து பூரணம் கேட்டாள்.

“உனக்குச் சாப்பிட இடம் செய்யிறன்.”

“வானுக்கையோ?”

“ஓம். இனி எங்கை ஓடினாலும் அது எங்களோடை வரும்.”

அவன் அப்படியொன்றை ஒரு தடவை கண்டிருந்தான். எண்பத்துமூன்றுக் கலவரத்துக்கு முந்திய வருடங்களில், கசூரினாவில் சவுக்கு மரங்களுக்குக் கீழே வெள்ளைக்காரப் புருசனும் பெண்சாதியும் ஒரு வானை நிறுத்தி வைத்திருந்தார்கள். சுவரிலிருந்து ஒரு பலகையை மடக்கி இறக்க அது மேசையாகியது. இரண்டு பேரும் எதிரெதிரே இருந்து, கடலைப் பார்த்தபடி பாணும் முட்டையும் சாப்பிட்டார்கள். பின்கதவில் கட்டியிருந்த தண்ணீர்க் கானில் கை கழுவினார்கள். தன்னுடைய ஆட்கள் குளித்து வரும்வரை நமசிவாயம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பொழுதுபோக்குக்காக அவர்கள் செய்த வேலை அது. ஆனாலும் அதன் வசதி அவன் மனதில் நின்றது.

கழற்றிய வாங்கைப் பின்பக்கம் பார்க்கத் திருப்பிப் பூட்டினான். இப்போது அதுவும் கடைசி வாங்கும் முகம் பார்த்தன. கடைசி வாங்கின் மூலையில், வானின் சுவர் தாங்கும் பக்கமாக, பூரணத்துக்கு இடம். பழைய மெத்தையை அறுத்துப் பஞ்செடுத்து, தும்போடு கலந்து, முதுகுக்கும் இடப் பக்கத்துக்கும் திண்டு தைப்பித்தான். நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பட்டி, கட்டில் நாடாவில். கால்கள் தொங்காமலிருக்கக் கீழே ஒரு சரிவுப் பலகை. மேசைக்கு அறைக் கதவொன்றின் பலாப் பலகையை எடுத்தான். சுவரோடு பிணைச்சல் வைத்துப் பூட்டி, மறுபக்கத்துக்கு ஒரு மடக்குக் கால் வைத்தான்.

முதல் நாள் அவளைத் தூக்கி இருத்தியபோது மேசை அவளுடைய நெஞ்சு உயரத்துக்கு நின்றது.

“உது என்ன, எனக்குச் சவரம் செய்யப் போறியளோ? தலையை மட்டும் வெளியிலை விட்டிருக்கிறியள்” என்றாள்.

அவன் மேசைக் காலை அரிந்து குறைத்தான். அடுத்த முறை மேசை தாழப் பதிந்துபோனது. குனிந்தால் அவள் முன்னால் விழுந்தாள். திரும்பவும் கட்டை வைத்து உயர்த்தினான். அப்படியும் கோப்பை அவளுக்கு எட்டவில்லை. கடைசியில் மேசையின் விளிம்பை அவளிருக்கும் பக்கத்தில் பிறைபோல வெட்டினான். அவள் அந்த வளைவுக்குள் இருக்க, இரண்டு முழங்கையும் பலகையில் ஊன்றி நின்றன. உடம்பு சரியவில்லை. கோப்பை வழுக்காமலிருக்கச் சுற்றிவர மெல்லிய சட்டம் அடித்தான். தண்ணீர்ப் பேணி நிற்பதற்கு ஒரு வட்டத் துளை. யன்னல்களுக்குப் பழைய சேலையில் திரை. வெய்யில் தகரத்தில் இறங்காமலிருக்கக் கூரைக்கு மேல் தென்னோலைக் கிடுகு. தென்மேற்குச் சோளகக் காற்று பக்கக் கதவால் நேரே உள்ளே வரும்படி வானை மாமரத்துக்குக் கீழே திருப்பி நிறுத்தினான். வாடகைக்குப் போகிற நாட்களில் மேசை சுவரோடு மடிந்துவிடும். ஆட்கள் முகம் பார்த்து இருந்து போவார்கள்.

அன்று மத்தியானம் சோறும் பூசணிக்காய்க் கறியும் கீரையும். பூரணம் தன் கையால் பிசைந்து, தன் கையால் வாயில் வைத்தாள். முதல் கவளத்தை நெடுநேரம் மென்றாள்.

“கறிக்குப் புளி கூடிப்போச்சு” என்றாள்.

சுவர் விழுந்த பிறகு அவள் சாப்பாட்டின்போது பேசிய முதல் பேச்சு அது. நமசிவாயம் தலையைக் குனிந்து சாப்பிட்டான். அருந்ததிக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஒழுங்கையால் போகிறவர்கள் வானுக்குள் தாங்கள் சாப்பிடுவதைப் பார்ப்பார்களே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. திரையை இழுத்துவிட்டாள்.

“திறந்து விடடி. காத்து வரட்டும்” என்றாள் தாய்.

தொண்ணூறாம் ஆண்டு அரச இராணுவத்தோடு சண்டை மறுபடி தொடங்கியது. பெற்றோல் வருவது நின்றது. மண்ணெண்ணெயில் வான் ஓடும். ஸ்டார்ட் எடுப்பதற்கு மட்டும் சில துளி பெற்றோல் வேண்டும். அந்த மண்ணெண்ணெயும் அருமையாகிவிட, வான் பெரும்பாலும் மாமரத்தடியிலேயே நின்றது. நமசிவாயம் சயிக்கிளில் விறகும் மரக்கறியும் ஏற்றி விற்றான். ஆனால் மூன்று வேளைச் சாப்பாடும் வானுக்குள்தான். மின்சாரமில்லாத இரவுகளில் ஜாம் போத்தல் விளக்கைப் பேணிக்கு வெட்டிய துளைக்குள் இறக்கி வைத்துக்கொள்வார்கள். வீட்டை விட்டுவிட்டு நமசிவாயம் வானுக்குள் விருந்து வைக்கிறான் என்று அயலில் சிரித்தார்கள். பூரணத்தின் குரல் ஒழுங்கை வரை கேட்கத் தொடங்கியிருந்தது. அயலட்டைப் பெண்கள் கதவடியில் வந்து நின்று அவளோடு கதைத்துவிட்டுப் போனார்கள்.

வளவில் பதுங்குவதற்கு வெட்டிய பங்கருக்குள் மட்டும் அவளால் இறங்க முடியாது. வாய் சிறிது, படி செங்குத்து. பொம்பர்ச் சத்தம் கேட்டால் அருந்ததி ஓடிப்போய் இறங்குவாள். நமசிவாயம் எழும்பமாட்டான்.

“நீங்கள் போங்கோ. எனக்கொண்டும் நடக்காது.”

“சாப்பிடு.”

“பெட்டை தனிய இருக்கிறாள். ஆம்பிளை பயந்தவன் எண்டு ஆரும் சொல்லாயினம், போங்கோ.”

“பயமாத்தான் இருக்கு” என்பான் அவன். இருந்த இடத்தை விட்டு அசையமாட்டான். இரண்டு பேரும் மேசைக்கு இரண்டு பக்கமும் இருந்து, சத்தம் தூரப் போகும்வரை கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஐந்து வருடம் அப்படிப் போனது. தொண்ணூற்றைந்து ஆடியில் இராணுவம் ஊர்வரை வந்தபோது வானோடு மானிப்பாய்ப் பக்கம் போய் இருந்துவிட்டு, அது பின்வாங்கியதும் திரும்பி வந்தார்கள்.

ஒக்ரோபர் கடைசியில் இராணுவம் திரும்பவும் நெருங்க, யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் தென்மராட்சிக்குப் போகும்படி இயக்கக்காரர் ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள். மழை பெய்துகொண்டிருந்தது. நமசிவாயம் சேர்த்து வைத்திருந்த மண்ணெண்ணெயை ஊற்றி, பூரணத்தை அவளுடைய மூலையில் இருத்திப் பட்டியைக் கட்டினான். அரிசியும் சட்டி பானையும் வாங்குக்குக் கீழே போயின. அவர்கள் பெரிய வீதிக்கு வந்தபோது வீதியே தெரியவில்லை. சயிக்கிள், வண்டில், தலையில் மூட்டையோடு மனிதர், ஆடுமாடு, சேலைன் போத்தலைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி நோயாளிகள். வான் ஒரு முழம் போகும், நிற்கும். இரவு முழுவதும் அப்படியே போனதில், செம்மணி வெளியில் விடியும்போது மண்ணெண்ணெய் தீர்ந்தது.

இரண்டு பக்கமும் நீரேரி. பின்னால் வருகிறவர்கள் கத்தினார்கள். நமசிவாயம் இறங்கி, அருந்ததியை ஸ்டியறிங்கில் இருத்தினான். அவளுக்குப் பத்தொன்பது வயது. தகப்பன் முற்றத்தில் வான் திருப்பும்போது பிடித்துப் பார்த்ததைத் தவிர அவளுக்கு ஓட்டத் தெரியாது.

“நேரை பார் பிள்ளை. முன்னுக்குப் போறவையின்ரை காலை மட்டும் பார். பின்னாலை திரும்பாதை. நான் நிக்கிறன்.”

அவன் பின்னால் போய்த் தள்ளத் தொடங்கினான். பக்கத்தில் வந்த சில ஆண்களும் கை கொடுத்தார்கள். எல்லோரும் ஒன்றாக உந்துவதற்காக நமசிவாயம் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவான். தட்டு, உந்தல், தட்டு, உந்தல். முகம் முன்னால் பார்த்திருந்த பூரணத்துக்குத் தன் முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மழை கூரையில் கனத்தது. ஒரு கட்டத்தில் தட்டு நின்றது. கை உழைந்திருக்கும் என்று அவள் நினைத்தாள். வேறு ஆட்கள் கூடச் சேர்ந்திருந்ததால் வான் முன்னைவிடச் சுறுக்காய்ப் போனது.

நாவற்குழிப் பாலம் கடந்து, கைதடிப் பக்கம் மேட்டு நிலம் வந்ததும் வானை வீதியோரத்துப் பனங்காணிக்குள் தள்ளி நிறுத்தினார்கள். தள்ளியவர்கள் தங்கள் மூட்டைகளைத் தேடிக்கொண்டு கலைந்தார்கள். ஒரு மனிதன் மட்டும் பக்கக் கதவடிக்கு வந்து எட்டிப் பார்த்தான். கரிய, அகன்ற தோள். கழுத்தில் செபமாலை.

“அக்கா, தட்டிக்கொண்டு வந்த மனுசன் உங்கடை ஆளோ? எங்கை அவர்?”

“பின்னாலை நிப்பார்.”

“பின்னாலை ஒருத்தரும் இல்லை.”

அருந்ததி இறங்கி ஓடினாள். வீதியை நிறைத்து வந்த சனம் அவளைத் திருப்பித் திருப்பித் தள்ளியது. அந்த மனிதன் அவளைப் பிடித்துக் கூட்டி வந்தான். குருநகரைச் சேர்ந்த மீன்பிடிகாரன், பெயர் சந்தியோகு. மனைவி லூர்த்தம்மாவையும் மூன்று பிள்ளைகளையும் வானுக்குள் ஏற்றினான்.

“நீங்கள் அசையாதேங்கோ. நான் போய்ப் பார்த்துக்கொண்டு வாறன்” என்று சொல்லி, கூட்டத்துக்கு எதிரே நடந்து போனான்.

மாலை மங்கும்போது திரும்பி வந்தான். நமசிவாயத்தை ஒரு சயிக்கிளின் கரியரில் இருத்தியிருந்தான். யாரோ ஒருவர் கைப்பிடியைப் பிடித்து உருட்ட, சந்தியோகு பின்னால் நின்று அவனுடைய முதுகைத் தன் நெஞ்சில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தான். அந்த நெரிசலில் வேறு விதமாகக் கொண்டுவர வழியிருக்கவில்லை. தூரத்தில் பார்த்தபோது களைத்துப்போன மனிதனொருவனைக் கூட்டி வருவதுபோலவே இருந்தது. அருந்ததி ஒரு கணம் அப்படித்தான் நம்பினாள்.

காயம் எதுவுமில்லை. தள்ளிக்கொண்டு வந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டதாகவும், யாரோ வீதியோரம் தூக்கிக் கிடத்தி ஓலைப் பாயொன்றால் மூடிவிட்டுப் போனதாகவும் அங்கே நின்றவர்கள் சொல்லியிருந்தார்கள்.

மழையில் நனையாத இடம் வானுக்குள் மட்டும்தான். மேசையை மடக்கிவிட்டு, பூரணத்துக்கு எதிரேயிருந்த வாங்கில், அவன் எப்போதும் இருக்கும் இடத்தில், அவனைக் கிடத்தினார்கள். லூர்த்தம்மா தன்னுடைய காய்ந்த துவாயால் அவனுடைய முகத்தையும் தலையையும் துடைத்தாள். பூரணம் அழவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “மேல் பொத்தான் கழண்டிருக்கு. ஒருக்கால் பூட்டிவிடுங்கோ பிள்ளை” என்றாள். அவளுக்குக் கை எட்டவில்லை.

மறுநாளும் மழை விடவில்லை. உடலை வைத்திருக்க முடியாது. காணிக்காரர் நல்ல மனிதர். வெட்டிப் போட்டிருந்த வேப்ப மரத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஆனால் மரம் நனைந்து ஊறியிருந்தது.

“காய்ஞ்ச பலகை கொஞ்சம் அடியிலை வைச்சால் பிடிச்சிடும். ஈர விறகை மட்டும் நம்பி வைக்கேலாது. அரைகுறையாப் போகும்” என்றார் அவர்.

சுற்றிவர ஆயிரக்கணக்கான சனம் இருந்தது. அவ்வளவு பேரிடமும் காய்ந்த பலகை இல்லை. வேலிக் கதியால்களைப் பிடுங்கிக் கஞ்சி காய்ச்ச முயன்றுகொண்டிருந்தார்கள். அருந்ததி வானைத் திரும்பிப் பார்த்தாள்.

“மேசை இருக்குத்தானே. பலாப் பலகை. வாங்குப் பலகையும் இருக்கு.”

அருந்ததி உள்ளே ஏறி மடக்குக் காலைப் பிடித்தாள்.

“கையை எடு” என்றாள் பூரணம்.

“அம்மா, அப்பாவை எரிக்க வேணும்.”

“உதிலை கை வையாதை.”

“பலகையம்மா. வெறும் பலகை.”

“எனக்குத் தெரியும் பலகை எண்டு. உது போனால் நான் படுத்த படுக்கை. இந்தச் சேத்துக்கை படுக்கையிலை கிடந்தால் நானும் கனநாள் இல்லை. பிறகு உனக்கு ஆர் இருக்கினம்? நாளைக்கு நான் சாப்பிட வேணும். நாளையிண்டைக்கும் சாப்பிட வேணும்.”

“உங்களுக்குச் சாப்பாடுதானே பெரிசு!” என்று அருந்ததி கத்தினாள். வெளியே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பூரணம் இரண்டு கையாலும் மடிந்திருந்த மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சந்தியோகுவைப் பார்த்து, “தம்பி, தாட்டுப்போட்டு வாங்கோ” என்றாள்.

சைவக் குடும்பத்தில் வளர்ந்த ஆணைப் புதைப்பதா என்று காணிக்காரர் தயங்கினார். பூரணம் திரும்பவும் அதையே சொன்னாள். பனங்காணியின் கோடியில் சந்தியோகுவும் வேறு இருவரும் கிடங்கு வெட்டினார்கள். வெட்ட வெட்ட நீர் ஊறியது. வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டே வெட்டினார்கள். எடுத்துக்கொண்டு போகும்முன் சந்தியோகு கதவடியில் வந்து நின்றான்.

“அக்கா, தேவாரம் எனக்குத் தெரியாது. எங்கடை செபம் ஒண்டு தெரியும். சொல்லட்டோ?”

“சொல்லுங்கோ. அந்தாள் கோவிக்காது.”

அருந்ததி போய்ப் பிடி மண் போட்டாள். பூரணத்துக்கு வானின் யன்னலால் பனைகள் மட்டும் தெரிந்தன. எல்லோரும் திரும்பி வந்த பிறகு லூர்த்தம்மா ஒரு கோப்பையில் கஞ்சி கொண்டு வந்தாள். பூரணம் மேசையை இறக்கச் சொன்னாள். முழங்கைகளை ஊன்றி, கரண்டியை எடுத்து, கஞ்சி முழுவதையும் குடித்தாள். கண்ணீர் அதற்குள் விழுந்துகொண்டிருந்தது. அவள் நிறுத்தவில்லை. அருந்ததி அதைப் பார்த்துவிட்டு வெளியே போனாள். அதன் பிறகு தாயைத் தூக்குவாள், திருப்பிப் படுக்க வைப்பாள், கழுவிவிடுவாள், ஆனால் பேசமாட்டாள். தன்னுடைய சாப்பாட்டை வெளியே மழைக்குக் கட்டிய தறப்பாளுக்குக் கீழே நின்றபடியே முடிப்பாள்.

சந்தியோகு குடும்பம் வானோடு ஒரு தறப்பாளை இழுத்துக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கியது. காணி முழுவதும் அப்படியே கொட்டில்கள். தரையெல்லாம் சேறு. நிவாரண அரிசியைக் கஞ்சியாக்கினாலும் அதை வைத்துக் குடிக்கக் காய்ந்த இடமில்லை. பிள்ளைகள் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு மழைக்குள் நின்று குடிப்பதைப் பூரணம் முதல் இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் சத்தம் போட்டாள்.

“ஏய், அந்தப் பிள்ளையளை இஞ்சை ஏத்துங்கோ. ஒருதரம் நாலு பேர். காலைக் கழுவிப்போட்டு வாங்கோ. தள்ளுப்படாதை, உவன் முதல் வந்தவன், அவனை விடு.”

சங்கக்கடைக் குரல் அது. கொட்டில் பிள்ளைகள் காலும் கையும் கழுவிக்கொண்டு முறையாக ஏறி, மேசையைச் சுற்றி இருந்து சாப்பிட்டு இறங்கினார்கள். வயிற்றோட்டம் பரவிய நேரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று அவள் பிடித்த பிடிவாதத்தில் லூர்த்தம்மாவுக்கும் அவளுக்கும் இரண்டு நாள் சண்டை. அப்படியிருந்தும் அடுத்த கொட்டிலில் ஒரு கைக்குழந்தை இறந்துபோனது. அன்று பூரணம் பிள்ளைகளை ஏற்றவில்லை. திரையை இழுத்துவிட்டு இருந்தாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நமசிவாயத்தின் தமையன் செல்வநாயகம் வந்தார். உரும்பிராயிலிருந்து இடம்பெயர்ந்து மீசாலையில் இருந்தவருக்குச் செய்தி பிந்தித்தான் கிடைத்திருந்தது. சடங்கு செய்யக் கீரிமலைக்குப் போக வழியில்லை. ஐயரும் கிடைக்கவில்லை. பக்கத்துக் குளத்தில் முழுகிவிட்டு, தேங்காய் உடைத்து, தேவாரம் படித்து முடித்தார்கள். லூர்த்தம்மா பூரணம் சொல்லச் சொல்லச் சோறும் மூன்று கறியும் ஆக்கியிருந்தாள். செல்வநாயகத்தை வானுக்குள் ஏறி இருக்கச் சொன்னார்கள். அவர் கதவடியில் நின்றார்.

“உந்த மேசையிலையோ நான் சாப்பிடுறது? கேள்விப்பட்டனான். ஒரு பலகைத் துண்டைக் குடுக்காமல் என்ரை தம்பியைச் சேத்துக்கை தாட்டுப்போட்டு, நீ உதிலை இருந்து சாப்பிடுறாய்.”

பூரணம் கோப்பையைப் பார்த்தபடி, “ஓம் அண்ணை. சாப்பிடுறன்” என்றாள்.

“வெக்கமில்லையோ உனக்கு?”

“அதுவும் இருக்கு.”

அவர் மேலே சொல்ல வாயெடுத்தார். தறப்பாளுக்குக் கீழே நின்ற அருந்ததி இடையில் வந்தாள்.

“பெரியப்பா, அம்மாவைப் பேசாதேங்கோ. நான்தான் ஸ்டியறிங் பிடிச்சனான். அப்பா பின்னாலை பாராதை எண்டவர். நான் பாக்கேல்லை. ஒருக்கால் பாத்திருந்தால் நிப்பாட்டியிருப்பன். பேசுறதெண்டால் என்னைப் பேசுங்கோ.”

செல்வநாயகம் அவளுடைய தலையில் கையை வைத்தார். ஆனால் வானில் ஏறவில்லை. தண்ணீரும் குடியாமல் சயிக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அவர் போன பிறகு பூரணம் மகளைக் கூப்பிட்டாள்.

“தட்டு நிண்டது எனக்குக் கேட்டது” என்றாள் மெதுவாக. “கை உழைவு எண்டு நினைச்சன். நீ தெரியாமல் விட்டனி. நான் கேட்டும் விட்டனான்.”

அருந்ததி வாசற்படியில் இருந்து அழுதாள். பூரணத்தின் கை அவளுக்கு எட்டவில்லை. லூர்த்தம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காத்திருந்த பிள்ளைகளுக்குச் சோற்றை வெளியே தறப்பாளுக்குக் கீழேயே பரிமாறினாள்.

யாழ்ப்பாணத்தை இராணுவம் பிடித்துவிட்டது என்ற செய்தி அடுத்த கிழமை வந்தது. தென்மராட்சிக்கும் சண்டை வரும் என்று பயந்து பலர் கிளாலிக் கடலால் வன்னிக்குப் புறப்பட்டார்கள். சந்தியோகுவும் புறப்பட்டான். கடலில்லாத ஊரில் இனித் தன்னால் இருக்க ஏலாது என்றான்.

“வாங்கோ அக்கா. உங்களை நான் தூக்கிக்கொண்டு போறன். வள்ளத்திலை ஏத்திறது என்ரை பொறுப்பு.”

“வள்ளத்திலை எப்பிடி இருப்பன் தம்பி? அங்காலை போய் எங்கை கிடப்பன்? நீங்கள் வெளிக்கிடுங்கோ. பிள்ளை, நீ அவையோடை போ.”

“நான் போகேல்லை” என்றாள் அருந்ததி.

“எனக்காக நிக்காதை.”

“உங்களை ஆர் தூக்கி இருத்திறது?”

வானின் சக்கரங்கள் பாதிவரை சேற்றுக்குள் இறங்கியிருந்தன. மண்ணெண்ணெய் கிடைத்தாலும் அது இனி ஓடாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். சந்தியோகு குடும்பம் விடியற்காலையில் போனது. லூர்த்தம்மா போகும்போது தன்னுடைய சருவச்சட்டியை விட்டுவிட்டுப் போனாள். மழை விட்டு வாடைக் காற்று குளிராக வீசியது. திசையைப் பார்த்து வானைத் திருப்ப ஆளில்லை. அருந்ததி திரைக்கு மேல் ஒரு சாக்கைக் கட்டினாள்.

மத்தியானம் தாயைத் தூக்கி மூலையில் இருத்தி, பட்டியைக் கட்டி, மேசையை இறக்கினாள். எதிர் வாங்கில் தானும் இருந்தாள். இரண்டு பேருக்குத்தான் சோறு வேண்டியிருந்தது. பழக்கத்தில் எல்லோருக்குமாக அரிசி போட்டிருந்தாள்.

பூரணம் சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“குழந்தை போன கொட்டிலிலை அந்தத் தாய் ஒண்டும் சாப்பிடுறேல்லையாம்” என்றாள். “கூட்டிக்கொண்டு வா.”